எடைக்குப் போகாத காகிதங்கள்

கல்யாண மாதம் வந்தால் வீட்டில் பத்திரிகைகள் குவிந்துவிடுகின்றன அல்லவா? கல்யாணம் முடிந்த மறு வாரம் அவற்றை என்ன செய்கிறீர்கள், சகோதரிகளே? பிள்ளையார் படம் அச்சிட்டிருக்கிறதே, குப்பையில் போடலாமா என்று கொஞ்சம் தயங்குவீர்கள். பின்பக்கம் வெறுமையாக இருந்தால் பால் கணக்கு எழுத ஆகும். அதன் பிறகு அதுவும் பழைய பேப்பர்க்காரரின் தராசுக்குத்தான் போகும்.

இப்படிப்பட்ட கல்யாணப் பத்திரிகைகளைத் தேடிப் பிடித்துப் பத்திரப்படுத்திய மனிதர் ஒருவர் இருந்தார். அவற்றோடு நாடக நோட்டீசு, சினிமாப் பாட்டுப் புத்தகம் எதையும் அவர் விடவில்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த அவருக்கு முத்தையா என்று பெயர். ‘ரோஜா முத்தையா’ என்றால்தான் நாலு பேருக்குத் தெரியும்.

அந்த ரோஜா எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்று கேட்பீர்கள். 1940களில் சித்திரக்காரராக வேண்டும் என்ற ஆசையோடு அவர் சென்னைக்குப் போனார். கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதும் தொழில் கைகொடுத்தது. இன்றுபோல் கம்ப்யூட்டரில் அடித்து பிளெக்ஸில் எடுத்து மாட்டுகிற காலமல்ல அது. ‘ழ’கரத்தின் சுழி எங்கே திரும்ப வேண்டும் என்பது எழுதுகிறவர் விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கினார். தம் வேலைக்கு அடையாளமாக ரோஜாப்பூ ஒன்றை வரைந்து வைப்பார். பூவே பெயராகிவிட்டது.

தொழில் நேரம் போக அவர் கால்கள் தாமாகவே போய் நின்ற இடம் மூர் மார்க்கெட். 1985-ல் நெருப்புக்கு இரையாகும் வரை சென்னையில் பழைய புத்தகப் பைத்தியங்களுக்கெல்லாம் அதுதான் கோயில். அங்கே பிடித்த ஆசை அவரை விடவேயில்லை. 1950 வாக்கில் ஊருக்கே திரும்பி, புத்தகம் சேர்ப்பதையே வாழ்க்கையாக்கிக்கொண்டார். சங்க நூலும் சித்த வைத்தியமும் சேர்த்தார் என்றால் ஆச்சரியமில்லை. குஜிலிப் பாட்டுப் புத்தகத்தையும், பண்டிதர்கள் தொடக்கூடக் கூசும் மலிவு நாவலையும் அதே மரியாதையோடு எடுத்து வைத்தார். இதுதான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த குணம். உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடு தேடிய கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஏடு பழையது, அருமையானது என்று பார்த்தவுடனே தெரியும். நேற்று அச்சான காலணாப் புத்தகம் நாளைக்கு அருமையாகும் என்று நினைக்க வேறு மாதிரிக் கண் வேண்டும்.

அவர் போகும்போது விட்டுச்சென்றது சுமார் 1 லட்சம் உருப்படிகள். பாதி புத்தகம், பாதி பத்திரிகை. ஒரு வீட்டில்! அந்த வீட்டுப் பெண்களை நினைத்துப் பார்த்தேன். நம் வீட்டில் பத்து வாரப் பத்திரிகை சேர்ந்தாலே “இடத்தை அடைக்கிறது” என்கிறோம்.

இந்த இடத்தில் சொந்தக் கதை ஒன்று சொல்லத்தான் வேண்டும். பெருந்துறையில் என் அப்பச்சி வீட்டு அட்டாலியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதற்குள் அம்மிச்சி படித்த தொடர்கதைகள், கிழித்துத் தைத்துக் கட்டியவை. கோந்து வாசனையும் பாச்சை உருண்டை வாசனையுமாக இருக்கும். ஓரத்தில் ‘இது யாருக்கும் இரவல் இல்லை’ என்று அம்மிச்சியின் பென்சில் எழுத்து. நான் கல்லூரி முடித்து வேலைக்கு வந்து, ஒரு கட்டுரைக்காக அதைத் தேடிக்கொண்டு போனேன்.

“அந்தக் கரையான் அரிச்ச பொஸ்தகமா? போன பொங்கலுக்கு வெள்ளையடிக்கறப்பவே எடைக்குப் போட்டாச்சு கண்ணு. பன்னெண்டு கிலோ இருந்துது” என்றார் அத்தை. அந்தப் பணத்தில் வாங்கிய பிளாஸ்டிக் குடத்தைக்கூடக் காட்டினார்.

அத்தைமேல் கோபிக்க முடியுமா? அது மகா மோசமான காகிதம். பழைய நாளில் துணிக்கந்தலை ஊறவைத்துச் செய்த காகிதம் நூற்றாண்டுகளைத் தாங்கும். பிறகு வந்த மரக்கூழ்க் காகிதத்தில் அமிலம் உண்டு. ஐம்பது அறுபது வருஷத்தில் அப்பளம்போல் நொறுங்கும். வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925 முதல் நடத்திய ‘ஜகன்மோகினி’ எத்தனை வீட்டுச் சமையலறையில் படிக்கப்பட்டிருக்கும்! இன்று ஒரு பழைய இதழைக் காட்டச் சொன்னால் எத்தனை வீட்டில் கிடைக்கும்?

முத்தையா சும்மா குவித்து வைத்துவிட்டு உட்காரவில்லை. 1983-ல் ‘இந்தியா லைப்ரரி சர்வீசஸ்’ என்று பெயர் வைத்து, எந்த விஷயம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று தலைப்பு வாரியாகப் பிரித்து, ஆராய்ச்சிக்காரர்களுக்குக் கட்டணத்துக்குத் தகவல் கொடுக்கத் தொடங்கினார். காசு வாங்கினாரா என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். தாம் சம்பாதித்த பணத்தைக் காகிதத்தில் போட்டவர் அவர். இனாமாகக் கிடைப்பதை நாம் எப்படி மதிப்போம் என்பதும் தெரிந்ததுதானே.

அங்கே போய்ப் படித்தவர்களில் எழுத்தாளர் அம்பையும் ஒருவர். சி.எஸ். லட்சுமி என்ற பெயரில் பெண்களின் வரலாற்றை ஆராய்கிறாரே, அவரேதான். நம் பாட்டிமார் என்ன படித்தார்கள், எதற்குச் சண்டை போட்டார்கள் என்பதற்குச் செப்பேடும் கல்வெட்டும் கிடையாது. பழைய மாதர் பத்திரிகைதான் சாட்சி. அது எடைக்குப் போய்விட்டால் வழக்கே தள்ளுபடி.

1992-ல் முத்தையா காலமானார். நேயர்களே, எல்லாச் சேகரிப்புக்கும் கண்டம் அந்த நாளில்தான். சேர்த்தவரோடு ஆசையும் போய்விடும். பிள்ளைகளுக்கு மிஞ்சுவது புழுதியும் பூச்சியும் இடநெருக்கடியும். அப்புறம் யாரோ பத்து யாரோ இருபது என்று அள்ளிப் போவார்கள். இங்கே அப்படி நடக்கவில்லை. அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தனையையும் மொத்தமாக விலைக்கு வாங்கியது. வாங்கியதைக் கப்பலேற்றிவிடும் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் நினைத்தேன். புத்தகங்கள் தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. மொழி அறக்கட்டளை துணை நிற்க, 1994-ல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. ஒவ்வொன்றாகத் தூசி தட்டி, பட்டியல் போட்டு, நொறுங்குகிற பக்கங்களை மைக்ரோபிலிமில் படமெடுத்தார்கள். இப்போது நூலகம் தரமணியில் இருக்கிறது. அந்தப் பெயர்ப் பலகைக்காரர் பெயரைத் தாங்கிய பலகை அங்கே தொங்குகிறது.

தொடர்கதையைக் கிழித்துத் தைத்து வைக்கிற பழக்கம் உங்கள் வீட்டில் யாருக்காவது இருந்ததுண்டா? அட்டாலியில் ஒரு தரம் கை விட்டுப் பாருங்கள். முகப்பு அட்டையும் வருஷமும் இருந்தால் விசேஷம். கரையான் இருந்தால் பெட்டியை வெயிலில் வைத்துவிடாதீர்கள், காகிதம் முறுகிவிடும். நிழலில் காற்றாட வைத்து, மெல்லிய துணியால் துடைத்தால் போதும். செல்லோ டேப் மட்டும் ஒட்டவே ஒட்டாதீர்கள். அது நாளடைவில் பழுப்பேறி எழுத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.

பழைய பேப்பர்க்காரரைப் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்பீர்களே. பார்த்தேன். பெருந்துறையில் நாலு கடை ஏறி இறங்கினேன். ஒருவர் மட்டும் மண்டையைச் சொறிந்துவிட்டு, “பொங்கல் சரக்குங்களா? அதெல்லாம் அப்பவே லாரி ஏறிடுச்சுங்க” என்றார். காகித ஆலைக்கு.