மரக்கால் மழையும் மருதையாற்று வெள்ளமும்

சித்திரை பிறந்தவுடன் கோவில் மண்டபத்தில் பஞ்சாங்கம் படிக்கும் வேடிக்கை நம் ஜனங்களுக்குத் தெரியாததல்ல. இவ்வருஷத்து மேகாதிபதி இன்னார், மழை இத்தனை மரக்கால், அதில் கடலுக்கு இவ்வளவு, மலைக்கு இவ்வளவு, பூமிக்கு இவ்வளவு என்று ஜோசியர் பங்குபோட்டுக் கொடுப்பார். கேட்டவர்களும் தட்சணையை வைத்துவிட்டுத் திருப்தியாக வீடு போய்ச் சேருவார்கள். அந்த மரக்கால் எந்த ஊரில், எந்தத் தேதியில், எத்தனை மணிக்குக் கொட்டும் என்று இதுவரை எந்த ஜோசியராவது சொன்னதுண்டா? சொல்லியிருந்தால் 1956-ம் வருஷம் நவம்பர் 23-ந் தேதி விடியற்காலையில் அரியலூர்ப் பக்கத்தில் அத்தனை உயிர்கள் போயிருக்குமா என்று கேட்கின்றோம்.

அந்தச் சேதியை இக்காலத்து வாலிபர்கள் அறிந்திருக்கமாட்டார்கள். பெரம்பலூரும் அரியலூரும் அப்போது திருச்சி ஜில்லாவைச் சேர்ந்தவை. பெருமழையினால் மருதையாறு கரைபுரண்டு ரயில் பாலத்தை அரித்துவிட்டிருந்தது. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ் இருட்டில் அதன்மேல் ஏறிற்று. எஞ்சினும் பல பெட்டிகளும் வெள்ளத்தில் விழுந்து 140 பேருக்கு மேல் மாண்டார்கள். ரயில்வே மந்திரி லால்பகதூர் சாஸ்திரி ராஜிநாமாச் செய்தார். அது யோக்கியமான காரியமே. ஆனால் ஒரு மந்திரி நாற்காலியை விட்டு இறங்கினதனால் அடுத்த வெள்ளம் முன்கூட்டித் தெரிந்துவிடாது. இதை விதி என்று சொல்லுகிறவர்களோ, அந்த மட்டுக்குக்கூடப் பொறுப்பேற்கத் தயாரில்லாதவர்கள்.

இதில் விதிக்கு என்ன வேலை? மருதையாறு பச்சைமலையில் புறப்பட்டுக் கொள்ளிடத்தில் சேருகிறது. வருஷத்தில் பெரும்பாகம் அது வெறும் மணல். ஒரு ஏக்கரில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுகிற தண்ணீர் சுமார் நான்கு லட்சம் லிட்டர். இப்படி எத்தனை ஆயிரம் ஏக்கர் தண்ணீர் மலைச்சரிவிலிருந்து ஒரே வாய்க்காலுக்கு ஓடிவருகிறது என்று கணக்குப் பாருங்கள். பெரம்பலூர்ப் பக்கத்துக் கரிசல் மண்ணோ, ஊறிப் புடைத்துவிட்டால் மேலும் தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. ஆகவே மேற்கே கொட்டின மழை, ஒரு தூறல்கூடக் காணாத கீழ்க்கிராமத்தில் வெள்ளமாக வந்து நிற்கும். “நம்ம ஊர் வானம் வெளுத்துத்தானே இருக்கு” என்று வண்டியை ஆற்றில் இறக்குகிறவன் ஏமாறுவது இதனால்தான்.

நிற்க. வானிலை இலாகா 1875-ல் ஏற்பட்டது. இன்று காரைக்காலில் டாப்ளர் ராடார் இருக்கிறது. அங்கிருந்து பெரம்பலூர் நூறு கிலோமீட்டர் சொச்சம். அரியலூர் அதற்கும் கிட்டே. ராடார் விடுகிற ரேடியோ அலை மழைத்துளியில் பட்டுத் திரும்புகிறது. திரும்பின அலையின் வலுவைக்கொண்டு மழையின் கனமும், அதன் மாறுதலைக்கொண்டு காற்றின் போக்கும் தெரிகின்றன. இடிமேகம் சில மைல் அகலந்தான். அநேகமாக ஒருமணி, இரண்டுமணியில் கலைந்தும் போகும். அது எந்த ஊரின் தலையில் உடையும் என்று முதல்நாளே சொல்ல யாராலும் ஆகாது. ஆகையால்தான் ஜில்லா வாரியாக அடுத்த மூன்று மணி நேரத்திற்கென்று எச்சரிக்கை கொடுக்கிறார்கள். 2020 அக்டோபரில், திடீர் வெள்ள அபாயத்தை 6 மணி முதல் 24 மணி நேரம் முன்பாக அறிவிக்கும் தெற்காசிய ஏற்பாடொன்றையும் துவக்கினார்கள்.

இது தவறுவதில்லையா? தவறுகிறது. மழை வருமென்ற நாளில் வெயில் காய்ந்தால் டீக்கடையில் சிரிப்பதற்கு ஆள் குறைவில்லை. ஆனால் அப்படிச் சிரிக்கிற பெரியவர் பஞ்சாங்க மரக்காலை என்றைக்காவது அளந்து பார்த்தாரா? 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் கனமழை என்று இலாகா வரையறுத்திருக்கிறது. அளவு சொன்னவனைத்தான் பொய்யன் என்று பிடிக்க முடியும். பிடித்தால்தான் அவனும் அடுத்த தடவை திருத்திக்கொள்ளுவான். ஜோசியரோ பிடிபடாத பாஷையிலேயே பிழைக்கிறார்.

இவ்வளவும் சொன்னதால் இலாகாவின் வேலை முடிந்துவிட்டது என்பது நமதபிப்பிராயமல்ல. “ஓரிரு இடங்களில் இடியுடன் மழை” என்று செல்போனில் வந்தால், ஆற்றங்கரைக் குடியானவன் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? தரைப்பாலத்தில் எத்தனை அடி தண்ணீர், எத்தனை மணிக்கு என்பதல்லவோ அவனுக்கு வேண்டும்! ஓடுகிற தண்ணீர் இரண்டடி இருந்தால் மோட்டார்க் காரையே தள்ளிக்கொண்டு போய்விடும். பச்சைமலைச் சரிவில் போதுமான மழைமானிகளும், தரைப்பாலந்தோறும் அடிக்குறியிட்ட கம்பமும், தண்ணீர் குறிக்கு ஏறினால் இராத்திரியானாலும் வழியை அடைக்க ஒரு ஆளும், கீழ் ஊர்களுக்கு ஒலிபெருக்கியில் சொல்ல ஏற்பாடும் வேண்டும். கும்பாபிஷேகத்திற்கு வீடுவீடாக வசூல் செய்யத் தெரிந்த ஊராருக்குக் கம்பம் நடுவது பெரிய காரியமல்ல. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் துவங்கும். அதற்குமுன் கூடுகிற கிராமசபையில் தோழர்கள் எழுந்து, நம் தரைப்பாலத்திற்குக் கம்பம் எங்கே, காவல் யார் என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாங்கவேண்டும்.