அத்தையின் குரோஷா ஊசி டப்பா

சென்ற இதழில் பழைய பட்டுப் புடவைகளைப் பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை அதைவிடச் சின்ன சமாசாரம். குரோஷா ஊசி!

என் மாமியாரிடம் ஒரு தகர பிஸ்கட் டப்பா நிறைய குரோஷா ஊசிகள் உண்டு. அதில் ஒரே ஒரு எஃகு ஊசியை மட்டும் தனியாகத் துணியில் சுற்றி வைத்திருப்பார். "எங்க பாட்டி 1910 வாக்கிலே ஸ்கூல்லே படிச்சப்போ, வெள்ளைக்கார டீச்சரம்மா கொடுத்தது" என்று பெருமையாகச் சொல்வார். போன மாதம், "எனக்குக் கண் தெரியலேம்மா. நீ வச்சிருந்து என் பேத்திக்குக் கொடு" என்று டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டார். எது எந்தக் காலத்து ஊசி என்று ஒரு சீட்டு எழுதிப் போடலாமே என்று பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்தேன். நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், எதனால் செய்தது என்று பாருங்கள். வெள்ளையாக இருப்பதெல்லாம் தந்தம் இல்லை. எலும்பு ஊசியானால் கறுப்புப் புள்ளிகளும் சின்னச் சின்னக் கீறல்களும் தெரியும். தந்தமானால் அடிமுனையில் வலை பின்னியது போலக் குறுக்குக் கோடுகள் ஓடும். (நம் நாட்டில் தந்தம் விற்பதும் வாங்குவதும் குற்றம். ஞாபகம் இருக்கட்டும்!) பிளாஸ்டிக் மாதிரி இருந்தால் வெந்நீரில் காட்டி மோந்து பாருங்கள். கற்பூர வாசனை அடித்தால் அது செல்லுலாயிட். 1870 வாக்கில் வந்த சரக்கு. பழுக்கக் காய்ச்சிய ஊசியால் குத்திப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம். செல்லுலாயிட் குப்பென்று பற்றிக்கொள்ளும். அலுமினியத்தை மலிவாக எடுக்க வழி கண்டது 1886-ல். ஆகவே அலுமினிய ஊசியை அதற்கு முந்தியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்தது, பிடியில் பொறித்த எழுத்து. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊர் ஊசிக்குப் பேர் போனது. மில்வார்ட் ஊசிகள் அந்த ஊர்ச் சரக்குதான். வெளிநாட்டுச் சாமானில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-ல் சட்டம் போட்டது. அதனால் 'மேட் இன் இங்கிலாந்து' என்றிருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. 'ஆக்குபைட் ஜப்பான்' என்றிருந்தால் 1945-க்கும் 1952-க்கும் நடுவே. 'வெஸ்ட் ஜெர்மனி' என்றிருந்தால் 1949-லிருந்து 1990-க்குள். இங்கிலீஷ் எஃகு ஊசிகளின் பழைய நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். மில்லிமீட்டர் கணக்கு அதற்கு நேர் எதிர்.

கடைசியாக, துணியில் சுற்றிய அந்த ஊசியை எடுத்தேன். ஒரே கறுப்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் எழுத்து போய்விடும் என்பதால், தையல் மெஷின் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு மெள்ளத் துடைத்தேன். எழுத்து தெரிந்தது. 'மேட் இன் இந்தியா'. பக்கத்திலேயே மில்லிமீட்டர் அளவு!

எனக்குத் திக்கென்றது. நம் நாட்டில் மெட்ரிக் அளவுக்குச் சட்டம் வந்ததே 1956-ல்தான். இது எப்படிப் பாட்டியின் ஊசியாக இருக்க முடியும்? இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. வயசான காலத்தில் அவர் மனசை எதற்கு நோகடிப்பது? ஆனால் சீட்டில் பொய் எழுதிப் பெண்ணிடம் கொடுக்கவும் மனசு வரவில்லை. மூன்றாம் நாள் சொல்லிவிட்டேன்.

அத்தை ஊசியை வாங்கித் தடவிப் பார்த்தார். வெகு நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்:

"கல்யாணமான புதுசிலே ஒரு தரம் இது காணாமப் போச்சு. மூணு நாள் சரியாச் சாப்பிடாம அழுதேன். 'ஒரு ஊசிக்கா இத்தனை அழுகை'ன்னு உங்க மாமா சத்தம் போட்டார். நாலாம் நாள் பார்த்தா டப்பாவிலேயே இருக்கு! புதுசு மாதிரி பளபளன்னு இருக்கேன்னு கேட்டேன். 'துரு பிடிச்சிருந்தது, தேய்ச்சு வச்சேன்'னுட்டார்."

மாமா தவறிப் பன்னிரண்டு வருஷமாகிறது. வீட்டில் அதிர்ந்து ஒரு வார்த்தை பேச எல்லோரும் பயப்படும் மனிதர். எந்தக் கடையில் ஏறி, எப்படிக் கேட்டு வாங்கினாரோ!

"சீட்டிலே என்ன எழுதட்டும் அத்தை?" என்றேன்.

"தாத்தா வாங்கினதுன்னு எழுது" என்றவர், ஊசியை என்னிடம் திருப்பித் தரவில்லை. "இது மட்டும் கொஞ்ச நாள் என்கிட்டேயே இருக்கட்டும்."

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இப்படி ஒரு டப்பா இருக்கும். அவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே திறந்து பாருங்களேன்!