பிளஸ் ஒன் இயற்பியல்: பிள்ளைகள் தடுமாறுவது எங்கே?

தருமபுரி, பாலக்கோடு, அரூர் பகுதிகளில் பிளஸ் ஒன் சேரும் நம் பிள்ளைகள் இயற்பியல் வீட்டுக்கணக்கில் திணறினால், "படிப்பு ஏறவில்லை" என்று முடிவுகட்டிவிட வேண்டாம். பாடநூலைப் புரட்டிப் பாருங்கள்.

2018இல் வந்த தமிழக அரசுப் பாடநூலில், இயற்பியல் இரண்டாம் அலகான இயக்கவியலிலேயே நுண்கணிதம் வந்துவிடுகிறது. கணிதத்திலோ அது இரண்டாம் தொகுதியில்தான். 2021இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோதும் அது எட்டாம் வகுப்பு வரைக்குமே இருந்தது. வசதியுள்ளவர் டியூஷன் வைப்பார், மற்றவர்?

ஒவ்வொரு ஜமாஅத்திலும் பொறியியலோ பி.எஸ்சி.யோ முடித்தவர்களைத் தேடுவோம். பள்ளி திறந்ததுமே, மஃரிபுக்குப் பின் வாரம் இரு நாள் அவர்கள் உட்கார்ந்தால் போதும். விடையை எழுதித் தருவது உதவியல்ல. இடப்பெயர்ச்சி மாறும் வீதமே திசைவேகம், அந்த வீதத்தைக் கண்டுபிடிப்பதே வகையிடல் என்று விளங்கவைப்பதே உதவி. பெண்பிள்ளைகளுக்கும் அங்கே இடம் ஒதுக்குவோம்.