மூன்று வாரத்தில் கொரிய மொழி

விடுப்பில் கொரியா போகிற நம் பிள்ளைகள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி: "போற இடத்துலயே கொரிய மொழி படிச்சிட்டு வந்துடலாமா?" படிக்கலாம். ஆனால் டிக்கெட் எடுக்கும் முன் வகுப்புத் தேதிகளைப் பாருங்கள்.

சியோலில் யோன்செய், சோகாங் போன்ற பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டவருக்கு மொழி வகுப்பு நடத்துகின்றன. வழக்கமான ஒரு பருவம் 10 வாரம். தினமும் 4 மணி நேரமாக மொத்தம் 200 மணி. வேலைக்குப் போகிறவருக்கு யார் 10 வாரம் விடுப்பு தருவார்கள்? நமக்கு ஏற்றது, சில பல்கலைக்கழகங்கள் நடத்தும் சுமார் 3 வாரக் குறுகிய வகுப்புதான். அங்குள்ள வெளிநாட்டுக் குடியிருப்பாளர்களுக்கான இலவச வகுப்புகள் பெரும்பாலும் வாரத்துக்கு ஓரிரு முறைதான் நடக்கும். பயணிக்கு அதனால் பயன் குறைவு. இரண்டு வாரமே தங்குகிறவர், என்னைக் கேட்டால், ஓர் ஆசிரியரிடம் தினமும் ஒரு மணி நேரம் தனியாகப் படிப்பதே மேல்.

எதில் சேர்ந்தாலும் எழுத்துகளை வீட்டிலேயே படித்துவிட்டுப் போங்கள். எளிய மக்களும் கற்கவேண்டும் என்று சேஜோங் மன்னர் 1443இல் உருவாக்கிய எழுத்து அது. அடிப்படை எழுத்துகள் 24தான்: மெய் 14, உயிர் 10. ஒரு வார இறுதி போதும். கொரிய அரசின் ஆதரவில் நடக்கும் சேஜோங் கழகத்தின் இணைய வகுப்புகளும் உண்டு. விமானச் செலவு செய்து போய், முதல் வாரத்தை எழுத்துக்கூட்டுவதிலேயே கழிப்பது வீண்.

இலக்கணத்தைக் கண்டு நாம் மிரள வேண்டியதில்லை. 'நான் நேற்று கடையில் புத்தகம் வாங்கினேன்' என்பதைச் சொல் வரிசை மாறாமல் அப்படியே கொரிய மொழியில் சொல்லலாம். 'கடையில்' என்பதில் உருபு பின்னால் ஒட்டுவதுபோல் அங்கும் ஒட்டும். 'அம்மா, அப்பா' ஒற்றுமையைக் காட்டி இரண்டும் ஒரே குடும்பம் என்பவர்கள் உண்டு. ஹோமர் ஹல்பர்ட் 1905இலேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூல் எழுதினார். மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்கவில்லை. உறவு இல்லாவிட்டால் என்ன, வாக்கிய அமைப்பு நமக்குக் கைகொடுக்கிறதே!

சிக்கல் காதிலும் நாக்கிலும்தான். நெருப்பு, புல், கொம்பு மூன்றுக்கும் உள்ள கொரியச் சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றும் 'புல்' என்றே வரும். (புல்லுக்கு அங்கும் புல்தான்!) ஒன்றை மென்மையாக, ஒன்றை மூச்சை ஊதி, ஒன்றை இறுக்கி ஒலிக்கவேண்டும். இதைச் செயலி மட்டும் வைத்துச் சரிசெய்வது கடினம். ஆசிரியர் எதிரே உட்கார்ந்து திருத்தவேண்டும். மூன்று வாரத்தை இதற்குச் செலவிடுங்கள்.

அடுத்தது எண்கள். கொரியர்களுக்கு எண் வரிசை இரண்டு. மணி சொல்ல ஒன்று, நிமிடமும் பணமும் சொல்ல இன்னொன்று. போதாததற்கு, பணத்தைப் பத்தாயிரம் பத்தாயிரமாக எண்ணுவார்கள். 'மான்' என்றால் 10,000. 'மான் இச்சோன்' என்றால் 12,000 வோன். வகுப்பு முடிந்ததும் குவாங்ஜாங் சந்தைக்குப் போய், "இகோ ஒல்மாயெயோ?" (இது எவ்வளவு?) என்று கடை கடையாகக் கேளுங்கள். கடைக்காரர் கணிப்பொறியைத் தட்டிக் காட்டுவதற்குள் தொகை உங்களுக்குப் புரிகிறதா என்று பாருங்கள்.