விமானத்துக்கு ஒரு நீதி, களத்துமேட்டுக்கு ஒரு நீதியா?

சொந்த விமானம் வைத்திருக்கும் சீமான் நினைத்த மாத்திரத்தில் எஞ்சினை முடுக்கிப் பறந்துவிட முடியுமா? முடியாது. அவர் கோடீஸ்வரராக இருக்கலாம்; மந்திரிகளின் நண்பராக இருக்கலாம். மராமத்துக்கு வந்த விமானத்தை, லைசென்ஸ் பெற்ற பொறியாளர் ஒருவர் சோதித்துப் பார்த்து, "இது பறக்கத் தகுந்தது" என்று கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை விமானம் கொட்டகையில்தான் நிற்கும். சம்பளம் வாங்கும் ஓர் உழைப்பாளியின் பேனா, முதலாளியின் ஆசையைத் தரையில் கட்டிப்போடுகிறது!

நைனார்பாளையத்தில் கரும்பு வெட்டுகிறவருக்கும், ஆலையில் நூல் நூற்கிறவருக்கும் இந்தச் சேதி எதற்கு என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்குத்தான் இது முக்கியமாகத் தேவை என்கிறோம் நாம்.

விமானம் நமக்கு அத்தனை தூரத்து வஸ்துவும் அல்ல. 2019-ல் தனி மாவட்டமாகிய நமது கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே, உளுந்தூர்ப்பேட்டை அருகே, இரண்டாம் உலக யுத்த காலத்தில் வெள்ளைக்கார சர்க்கார் போட்ட ஓடுதளம் கிடக்கிறது. மேற்கே சேலத்துக்குப் பக்கத்தில் காமலாபுரத்தில் விமான நிலையம் இருக்கிறது. ஓடுதளம் பக்கத்தில் இருந்தாலும் விமானம் நமக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. அந்த உயரம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உலகத்திலேயே அதிகமாகச் செய்யப்பட்ட சிறு விமானம் செஸ்னா 172. நான்கு பேர் உட்காரலாம். 1956 முதல் விற்பனைக்கு வந்து, 40 ஆயிரத்துக்கு மேல் செய்யப்பட்டிருக்கிறது. புதிதாக ஒன்று வாங்க மூன்று கோடி ரூபாய் போதாது. நூறு நாள் வேலைக்கு 2025-26 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலி, நாள் ஒன்றுக்கு 336 ரூபாய். ஒரு விவசாயத் தொழிலாளிக்கு வருஷத்தில் நூறு நாளும் வேலை கிடைத்து, கூலியும் குறையாமல் கைக்கு வந்து, அதில் ஒரு காசும் சாப்பிடாமல் சேர்த்து வைத்தால், மூன்று கோடி சேர 893 வருஷம் ஆகும்! சோழ ராஜாக்கள் காலத்தில் சேர்க்க ஆரம்பித்திருந்தால் இன்றைக்கு வாங்கியிருக்கலாம்.

வாங்கினால் மட்டும் போதுமா? மணிக்கு முப்பது லிட்டருக்கு மேல் குடிக்கும். அதுவும் நம் மோட்டார் சைக்கிளுக்குப் போடும் பெட்ரோல் அல்ல. ஈயம் கலந்த தனி ரகம். வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த அந்த ரகத்தை, பொதுத்துறையான இந்தியன் ஆயில் 2022 செப்டம்பரில்தான் உள்நாட்டிலேயே தயாரித்து வெளியிட்டது. சொந்தமாக ஓட்டும் லைசென்ஸ் வாங்கவே 40 மணி நேரம் பறந்து பழக வேண்டும். அதைத் தொழிலாகக் கொள்ள 200 மணி நேரம் வேண்டும். அந்தப் பயிற்சிக்கு ஆகும் செலவு பல பத்து லட்சம். ஏழையின் பிள்ளைக்கு மூளை இல்லையா? இருக்கிறது. பணம் இல்லை.

ஆரம்பத்திலிருந்தே கதை இதுதான். இந்த நாட்டில் முதல் விமானி லைசென்ஸ் 1929-ல் ஜே.ஆர்.டி. டாட்டாவுக்குக் கிடைத்தது. 1932-ல் அவர் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு பறந்ததைச் சரித்திரம் எழுதி வைத்திருக்கிறது. ஆனால் அந்தக் காலத்துச் சிறு விமானங்களின் இறக்கை எதனால் ஆனது என்று யாரும் சொல்வதில்லை. துணி! மரச்சட்டத்தின் மேல் லினன் துணியோ பருத்தித் துணியோ இழுத்துத் தைத்து, மேலே 'டோப்' என்ற பூச்சு பூசினார்கள். பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை 1958-ல் பறக்கவிட்ட 'புஷ்பக்' என்ற பயிற்சி விமானத்துக்கும் துணிதான் போர்வை. பஞ்சு பறித்தவரும் நூல் நூற்றவரும் தறி ஓட்டியவரும் சேர்ந்துதான் மனிதனுக்கு இறக்கை கொடுத்தார்கள்.

அந்த இறக்கையைக் காப்பாற்றுகிறவரும் உழைப்பாளியே. தினமும் முதல் முறை பறக்குமுன் பெட்ரோல் தொட்டியின் அடியிலிருந்து சிறிது பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக். ஒன்று செத்தாலும் மற்றது காப்பாற்றும். 50 மணி நேரம் ஓடினால் எண்ணெய் மாற்ற வேண்டும். 100 மணி நேரம் ஓடினால் மூடிகளைக் கழற்றி முழுச் சோதனை. சுமார் 2,000 மணி நேரத்தில் எஞ்சினையே பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். செய்த வேலை ஒவ்வொன்றும் தேதியோடு, கையெழுத்தோடு புத்தகத்தில் ஏறும். விமானம் கை மாறினால் அந்தப் புத்தகமும் கூடவே போகும். வருஷத்துக்கு ஒரு முறை தகுதிச் சான்றையும் புதுப்பிக்க வேண்டும்.

இத்தனை கட்டுப்பாடு ஏன் வந்தது? ஒரு காரணம் வெளிப்படையானது. ஆகாயத்தில் எஞ்சின் நின்றால் ஓரமாக நிறுத்திப் பார்க்க முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. அதில் முதலாளியே உட்காருகிறார்! தன் உயிர் தொங்கும் யந்திரத்தில் ஓர் ஆணி தளர்ந்திருந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது. பிறர் உயிர் தொங்கும் யந்திரத்தில் ஆணியே இல்லாவிட்டாலும் நன்றாகத் தூக்கம் வருகிறது.

விமானத் தொழிலிலும் எல்லாம் ஒழுங்காக நடப்பதாக நாம் சொல்லவில்லை. 2018 ஜூன் 28 அன்று பம்பாய் காட்கோபரில், தனியாருக்குச் சொந்தமான சிறு விமானம் ஒன்று மராமத்துக்குப் பின் வெள்ளோட்டம் பறந்தபோது விழுந்து எரிந்தது. மாண்டவர் ஐந்து பேர். இரண்டு விமானிகள், மராமத்துப் பிரிவைச் சேர்ந்த பொறியாளர் ஒருவர், டெக்னீசியன் ஒருவர், ஐந்தாமவர் தெருவில் போய்க்கொண்டிருந்த ஒரு மனிதர். சொந்தக்காரர் அதில் இல்லை. வெள்ளோட்டத்தின் ஆபத்து உழைப்பாளிக்கு. உல்லாசப் பயணம் முதலாளிக்கு! இருந்தாலும் அங்கே புத்தகம் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, விபத்து நடந்தால் ஏன் நடந்தது என்று ஆராய்ந்து அறிக்கை வெளியிடத் தனி இலாக்கா இருக்கிறது.

இப்போது நம் களத்துமேட்டுக்கு வாருங்கள். அறுப்புக் காலத்தில் டிராக்டரோடு மக்காச்சோளம் அடிக்கும் மிஷின் ஊர் ஊராக வருகிறது. ஓடும் பெல்ட்டுக்கு மூடி உண்டா? அதைக் கடைசியாகச் சோதித்தது யார்? எந்தத் தேதியில்? எழுதி வைத்த புத்தகம் எங்கே? புடவைத் தலைப்பு பெல்ட்டில் சிக்கினால் நிறுத்த வேண்டிய விசை, கதிர் போடும் பெண்ணின் கைக்கு எட்டும் தூரத்திலா இருக்கிறது? மிஷின்களில் கை கால் போவதைக் கண்டு, 1983-லேயே மத்திய சர்க்கார் அபாய யந்திரங்களை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் இயற்றியது. கதிரடிக்கும் யந்திரமும் நஷ்ட ஈடும் அதில் வருகின்றன. அந்தச் சட்டத்தின் பெயரைக் களத்தில் கேட்டவர் எத்தனை பேர்?

ஆலைகளின் லட்சணம் என்ன? பக்கத்தில் நெய்வேலியைப் பாருங்கள். 2020 ஜூலை 1 அன்று அனல் மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தது. அன்றே ஆறு தொழிலாளர் மாண்டனர். பிறகு ஆஸ்பத்திரியிலும் உயிர்கள் போயின. அதற்கு இரண்டு மாதம் முன்பு, மே 7 அன்றுதான் அதே நிலையத்தில் இன்னொரு கொதிகலன் வெடித்திருந்தது. முதல் வெடிப்புக்குப் பின், "இது சரியாகும்வரை ஓட்டக்கூடாது" என்று சொல்லி நிறுத்தும் அதிகாரம் அங்கே வேலை செய்த ஒப்பந்தத் தொழிலாளியின் கையில் இருந்ததா?

போபால் விஷவாயுக் கொடுமைக்குப் பின், 1987-ல் பாக்டரி சட்டத்தைத் திருத்தினார்கள். அபாயகரமான தொழிலில் உள்ள தொழிலாளி ஆபத்து நெருங்கினால் எச்சரிக்கலாம் என்றார்கள். 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டமும் முதலாளியிடமும் இன்ஸ்பெக்டரிடமும் சொல்லலாம் என்றுதான் சொல்கிறது. சொல்லலாம், நிறுத்த முடியாது. போதாக்குறைக்கு, மின்சாரத்தில் ஓடும் பட்டறையில் பத்துப் பேர் இருந்தாலே பாக்டரி என்றிருந்ததை, இருபது பேர் இருந்தால்தான் பாக்டரி என்று உயர்த்திவிட்டார்கள். பத்தொன்பது பேர் வேலை செய்யும் பட்டறையில் பல்சக்கரம் கடிக்காதா?

விமானத்தின் மீது நமக்கு எந்தப் பகையும் இல்லை. வார்ப்புத் தொழில் படித்த சோவியத் வாலிபன் யூரி ககாரின், சராத்தவ் நகரத்து விமான கிளப்பில்தான் 1955-ல் சிறு விமானம் ஓட்டிப் பழகினான். 1961 ஏப்ரல் 12 அன்று மனிதர்களில் முதல்வனாக விண்வெளிக்குப் போய் வந்தான். வழி திறந்தால் வார்ப்படக்காரனும் வானத்துக்குப் போவான். நைனார்பாளையத்துப் பிள்ளையும் போவான்.

ஆகவே நாம் கேட்பது தர்மம் அல்ல. விமானத்துக்குக் கொடுத்துள்ள அதே மரியாதை. கதிரடிக்கும் மிஷினுக்கும், அரிசி ஆலைக்கும், நூற்பாலைக்கும் சோதனைப் புத்தகம் வேண்டும். அதில் கையெழுத்திடுகிறவர் முதலாளியின் கைப்பிள்ளையாக இருக்கக்கூடாது. யந்திரம் கெட்டிருந்தால் நிறுத்தும் உரிமை அதை ஓட்டுகிறவருக்கு வேண்டும். நிறுத்திய நேரத்துக்குக் கூலி பிடிக்கக்கூடாது. வாடகை மிஷினானால் அதன் சொந்தக்காரரே பொறுப்பு ஏற்க வேண்டும்.

இதற்குக் காத்திருக்கவும் வேண்டாம். வருகிற அறுப்பில் மிஷின் ஊருக்குள் வந்ததும், கதிரில் கை வைப்பதற்கு முன் எல்லோரும் ஒன்றாக நின்று கேளுங்கள்: மூடி எங்கே? விசை எங்கே? யார் சோதித்தது? ஒருவர் கேட்டால் வேலை போகும். ஊரே கேட்டால் மூடி வரும்.