வெறும் எம்.பி.பி.எஸ். தானா?



மருத்துவ மேற்படிப்பு பற்றிய உங்கள் இதழின் வழிகாட்டிக் கட்டுரையில் இதயம், நரம்பு, எலும்பு, தோல் எல்லாம் இருந்தன. குடும்ப மருத்துவத்தைக் காணோம்.

என் மகள் இப்போது ஹவுஸ் சர்ஜன். நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும் முடிந்ததும் குடும்ப மருத்துவராகப் போகிறேன் என்கிறாள். கேட்ட சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிப்பதுபோல் விசாரிக்கிறார்கள்: "பி.ஜி. கிடைக்கலையாம்மா?"

குடும்ப மருத்துவத்திலும் 3 ஆண்டு எம்.டி., டி.என்.பி. படிப்புகள் உண்டு என்பது அவர்களுக்குத் தெரியாது. அவள் சொல்லும்வரை எனக்கும் தெரியாது. பிரிட்டனில் மருத்துவப் பட்டம் பெற்றவர், 2 ஆண்டு அடிப்படைப் பயிற்சிக்குப் பின் குறைந்தது 3 ஆண்டு தனிப்பயிற்சி முடித்தால்தான் ஜி.பி. எனும் குடும்ப மருத்துவர் ஆக முடியும். இங்கே பட்டமும் பதிவும் கையில் இருந்தால் போர்டு மாட்டிவிடலாம். அந்த வேலைக்கு மதிப்பு குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

வியாசர்பாடி டாக்டர் திருவேங்கடம் 2020இல் மறைந்தபோது, அவர் கட்டணமாக வாங்கிய 2 ரூபாய், 5 ரூபாயைத்தான் பெரிதாகப் பேசினோம். தாத்தாவின் சர்க்கரையும் பேரனின் இளைப்பும் ஒருசேரத் தெரிந்த ஒருவர் தெருமுனையில் இருப்பதன் அருமை அந்தப் பேச்சில் அடிபட்டுப்போனது. ஐந்து ரூபாய் டாக்டராக இருக்கச் சொல்லி என் மகளை நான் அனுப்பப்போவதில்லை. அவளுக்கும் வீட்டு வாடகை உண்டு.

குடும்ப மருத்துவ மேற்படிப்பு எந்தெந்தக் கல்லூரிகளில், எத்தனை இடங்களுடன் இருக்கிறது, முடித்தவர்களுக்கு என்ன சம்பளம் என்று அடுத்த இதழிலாவது எழுதுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கும்பகோணம்