ஒரு பக்கம் ஊமையானால் செட்டையே தூக்கிப் போடுவதா?

'இடது பக்க ஸ்பீக்கரில் சத்தம் கம்மியாக வருகிறது' என்று சொன்னால் போதும். மூடியில் ஒரு திருகைக் கூடக் கழற்றாமல், 'போர்டு போயிடுச்சு சார், இதுக்கெல்லாம் இப்ப பார்ட்ஸ் வர்றதில்ல, புதுசு வாங்கிடுங்க' என்று தீர்ப்பு வந்துவிடும். இந்த வழக்கத்தை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். தர்மபுரியில் மட்டும்தான் இப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் நமக்குத் தெரிந்த ஊரைத்தானே நாம் முதலில் கேட்க முடியும்?

நான் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். கால் உடைந்த நாற்காலி ஒன்றைக் கழிக்க வேண்டுமென்றாலும் இருப்புப் பதிவேட்டைப் பார்க்க வேண்டும், குறிப்பு எழுத வேண்டும், அதிகாரி வந்து நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு மனிதர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய பாட்டு செட்டைக் கழிக்க மட்டும் வாய்வார்த்தை போதுமா?

அரூர்ப் பக்கம் இருக்கும் என் நண்பர் ஒருவர் இப்படித்தான் இழந்தார். நல்ல ஆம்ப்ளிஃபயர், மர ஸ்பீக்கர் பாக்ஸ் இரண்டு. ஒரு பக்கம் குறைந்தது. கடைக்காரர் சொற்ப விலைக்கு எடுத்துக்கொண்டு, உள்ளங்கை அகலத்தில் ஒரு புளூடூத் குழாயைக் கொடுத்தனுப்பினார். இருநூறுக்கு மேற்பட்ட கேசட்டுகள் இப்போது டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன. 'ஒயரை மாற்றிப் போட்டுப் பார்த்தார்களா?' என்று கேட்டேன். 'அப்படியென்றால்?' என்றார்.

அப்படியென்றால் என்ன என்று சொல்கிறேன். காசு செலவில்லை, திருப்புளி கூடப் பல செட்டுகளுக்கு வேண்டாம். முதலில் பாலன்ஸ் குமிழ் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். பேரப்பிள்ளைகள் திருகியிருக்கும். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு (இது முக்கியம், ஓடும்போது ஒயர்கள் ஒன்றோடொன்று பட்டால் நல்ல செட்டும் போய்விடும்), ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் இடது ஸ்பீக்கர் ஒயரை வலதிலும், வலதை இடதிலும் மாட்டுங்கள். பாட்டைப் போடுங்கள். குறை அதே பாக்ஸிலேயே நின்றால் குற்றவாளி அந்த பாக்ஸ் அல்லது அதன் ஒயர். குறை அடுத்த பாக்ஸுக்குத் தாவினால் ஸ்பீக்கர்கள் நிரபராதி, கோளாறு அதற்கு முன்னால் இருக்கிறது. ஒயர்களைப் பழையபடி மாட்டிவிட்டு, டேப் டெக்கிலிருந்தோ சிடி பிளேயரிலிருந்தோ வருகிற சிவப்பு, வெள்ளை முனைகளை ஆம்ப்ளிஃபயரில் இடம் மாற்றுங்கள். இப்போது தாவினால் டெக் பக்கம் அல்லது அந்த ஒயர். தாவாவிட்டால் ஆம்ப்ளிஃபயர்.

சோதனைக்கு அறுபதுகளின் சினிமாப் பாட்டு உத்தமம். அவை பெரும்பாலும் மோனோ ஒலிப்பதிவு. இரண்டு பக்கமும் ஒரே அளவு வர வேண்டும், குரல் நட்ட நடுவில் நிற்க வேண்டும். ஸ்டீரியோ பாட்டில் ஒரு பக்கம் வீணையும் மறுபக்கம் தபேலாவும் இருந்தால் எது குறைவு என்று வாதம்தான் மிஞ்சும்.

ஆம்ப்ளிஃபயர்தான் என்று தெரிந்தாலும் அது போர்டின் மரண அறிவிப்பு அல்ல. வால்யூம் குமிழுக்குள் தூசி புகுந்து கரகரவென்று ஒரு பக்கம் விட்டுவிட்டு வரும். நம் ஊர்ப் புழுதிக்குக் கேட்கவா வேண்டும்! கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முறை திருகினால் பல செட்டுகள் பிழைத்துக்கொள்ளும். குறைந்த சத்தத்தில் ஒரு பக்கம் செத்துக் கிடந்து, கூட்டினால் திடீரென்று உயிர் வருகிறதா? உள்ளேயிருக்கும் ரிலேயின் முனை கறுத்திருக்கலாம். சின்ன சாமான், மாற்றிவிடலாம். பாக்ஸில் கூம்பைச் சுற்றியுள்ள பஞ்சு வளையம் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தால் வளையத்தை மட்டும் ஒட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டில் பிள்ளைகள் வேறொன்று சொல்வார்கள்: 'அப்பா, உங்க காதுதான்.' அதையும் சோதித்துவிடலாமே. பாக்ஸுகளுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். முன்பு இடக்காதில் குறைவாகக் கேட்டது இப்போது வலக்காதில் குறைவாகக் கேட்டால் பழி செட்டின் மேல். இடக்காதிலேயே நின்றால் காது டாக்டரிடம் போங்கள், மெக்கானிக்கிடம் அல்ல.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பெரிய சிக்கலைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார் என்று தெக்கார்த் 1637-இல் எழுதியதை வகுப்பில் உருப்போட்டோம். மேலே சொன்ன ஒயர் மாற்றமும் அதுவேதான். இரு காதுக்கும் தனித்தனி ஒலி என்பதும் பிரான்ஸில் முளைத்த சங்கதி. 1881-இல் பாரிஸ் மின்சாரக் கண்காட்சியில் கிளெமான் அதேர் என்ற பொறியாளர், ஆப்பரா மேடையில் மைக்குகளை வரிசையாக வைத்து, கேட்பவரின் காதுக்கு ஒன்றாக இரண்டு தொலைபேசிக் குழல்களைக் கொடுத்தார். பாடகர் மேடையில் இடமிருந்து வலம் நடப்பது காதுக்கே தெரிந்ததாம். விக்டர் ஹ்யூகோவும் அந்த ஆண்டே கேட்டு மகிழ்ந்து குறித்து வைத்திருக்கிறார். ஒரு பக்கம் குறைந்த செட்டில் இந்த சுகம்தான் முதலில் போகிறது. 'இன்னொரு பக்கம்தான் பாடுதே' என்பவருக்கு இது புரியாது.

அதே பிரான்ஸ், சீக்கிரம் கெடும்படி வேண்டுமென்றே பொருள் செய்வதை 2015-இல் குற்றமாக்கியது. இரண்டு வருடம் வரை சிறை, மூன்று லட்சம் யூரோ வரை அபராதம். 2021 ஜனவரி முதல் டிவி, செல்போன், வாஷிங் மெஷின் முதலியவற்றில், பழுது பார்ப்பது எவ்வளவு எளிது என்று பத்துக்கு இத்தனை மதிப்பெண் என எழுதி வைத்தே விற்க வேண்டும் என்றும் விதி கொண்டுவந்தது. பாட்டு செட் அந்தப் பட்டியலில் இருக்கவில்லை, இருந்தாலும் எண்ணம் சரியான எண்ணம். நம் மத்திய அரசும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் திறந்தது. நம் கடைத்தெருவில் அதன் பெயரைச் சொல்லிப் பாருங்கள், விழிப்பார்கள்.

நேர்மையான மெக்கானிக்குகள் இல்லாமல் இல்லை. சால்டரிங் இரும்பும் மல்டிமீட்டருமாகக் குனிந்தே உட்கார்ந்திருப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். நாம் ஐம்பது ரூபாய்க்குக் கசங்குவதால்தான் அவர்களின் பிள்ளைகள் ஓசூர் கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள்.

மற்றவர்களிடம் 'போர்டு' என்ற சொல் வந்ததும் ஒரே கேள்வி கேளுங்கள்: 'எந்த ஒயரை எங்கே மாற்றிப் பார்த்தீர்கள்? சீட்டில் எழுதிக் கொடுங்கள்.' எழுதித் தராவிட்டால் செட்டை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து விடுங்கள்.